தலை சுற்றுகிறதா? எப்போது என்று கேளு!

"வயசாச்சு, தலை சுத்தத்தான் செய்யும்" என்ற பேச்சை முதலில் வீட்டிலிருந்து விரட்டு, தங்கச்சி. அறுபது, எழுபதைத் தாண்டியவர்களில் நிறையப் பேருக்குத் தலைசுற்றல் வருகிறது, உண்மைதான். ஆனால் வெறும் வயதினால் யாருக்கும் தலை சுற்றுவதில்லை. பின்னால் ஒரு காரணம் இருக்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்கள் கூடி நிற்கும். அவற்றில் பலவற்றை வீட்டில் இருந்தபடியே மோப்பம் பிடித்துவிடலாம், சரியும் செய்துவிடலாம்.

நாம் என்ன செய்கிறோம்? "பித்தம்" என்று சொல்லி எலுமிச்சம்பழச் சாறு கொடுக்கிறோம். இஞ்சித் தேன் கொடுக்கிறோம். இரண்டு நாள் பார்த்துவிட்டு மருந்துக் கடையில் "தலைசுத்தலுக்கு மாத்திரை" கேட்டு வாங்குகிறோம். பிறகு ஒரு நாள் நேராக ஸ்கேன் எடுக்க ஓடுகிறோம். நடுவில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவே இல்லை. என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது? எவ்வளவு நேரம் இருந்தது?

இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டால் பெரியவர்கள் குழம்புவார்கள். காலையில் வீடே சுற்றியது என்பார்கள், மத்தியானம் கேட்டால் கண் இருட்டியது என்பார்கள். படுக்கையில் புரண்டபோதா, எழுந்தபோதா, சும்மா உட்கார்ந்திருந்தபோதா என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் போதும். மணி என்ன, அப்போது என்ன செய்தார், எத்தனை நிமிடம் இருந்தது, கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை போட்டார், கூடவே காது இரைச்சலோ படபடப்போ இருந்ததா என்று எழுதி வை. ஒரு வாரத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் உனக்கே ஒரு வடிவம் தெரியும்.

எழுந்திருக்கும்போது வந்தால்

படுத்தோ உட்கார்ந்தோ இருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். இளம் வயதில் ரத்தக் குழாய்கள் உடனே இறுகி, இதயம் சற்று வேகமாகத் துடித்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். வயதானவர்களுக்கு இந்தச் சுதாரிப்பு தாமதமாகும். பல வருடமாகச் சர்க்கரை நோய் இருந்து நரம்பு கெட்டிருந்தாலோ பார்க்கின்சன் நோய் இருந்தாலோ இன்னும் தாமதமாகும். அந்தச் சில நொடிகளில்தான் கண் இருட்டும், கால் துவளும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எல்லாம் வேண்டாம், வீட்டு பி.பி. கருவி போதும். அப்பாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து பி.பி. பாரு. பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை பாரு. நிற்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், பின்னால் நாற்காலி இருக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ காரணம் கையில் கிடைத்துவிட்டது. எண்களை எழுதி மருத்துவரிடம் காட்டு.

நான் இதில் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், கூட்டமான கிளினிக்கில் பெரும்பாலும் உட்கார வைத்து மட்டும்தான் பி.பி. பார்ப்பார்கள். உட்கார்ந்திருக்கும்போது 150 காட்டும். மாத்திரையைக் கூட்டுவார்கள். எழுந்து நின்றால் அதே மனிதருக்கு 115தான் இருக்கும். கூட்டிய மாத்திரை அதை இன்னும் கீழே தள்ளும். "நிக்க வெச்சும் ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்று தயங்காமல் கேள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வகைச் சுற்றல் காலை நேரத்தில்தான் அதிகம். இரவெல்லாம் தண்ணீர் குடிக்காமல், இரண்டு மூன்று தடவை சிறுநீர் போயிருப்பார்கள். சுடுதண்ணீர்க் குளியல் ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து ஆவி பறக்கக் குளித்துவிட்டு சடாரென்று எழுந்தால் கேட்கவே வேண்டாம். ஏகாதசி, சஷ்டி விரதம், கத்திரி வெயில், கோவிலில் நீண்ட வரிசை, இரண்டு நாள் பேதி எல்லாமே இதைக் கிளப்பிவிடும். "பஸ்ல போகணும், தண்ணி வேணாம்" என்று காலையிலிருந்து தொண்டையைக் காய வைத்துக்கொள்கிற அம்மாக்களை உனக்கும் தெரியும்.

விருந்து சாப்பாட்டுக்குப் பிறகு வருவது ஒன்று உண்டு. நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. சாப்பிட்டதும் செரிமானத்துக்காக ரத்தம் குடலுக்குப் போகும். வயதானவர்களுக்கு அதை ஈடுகட்ட முடியாமல் இரண்டு மணி நேரத்துக்குள் பி.பி. இறங்கலாம். கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போகிற இடத்தில் பெரியவர்கள் சாய்வது இதனால்தான் பல நேரம். சோற்றைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளையாகக் கொடு. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது உட்கார வை.

எழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கண் விழித்ததும் படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் இருபது முப்பது தடவை ஆட்டச் சொல்லு. பிறகு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்காரணும். அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, தலை தெளிவாக இருந்தால் மட்டும் நடக்கணும். எழுவதற்கு முன்பே ஒரு பெரிய சொம்புத் தண்ணீரைக் குடித்தால் சில நிமிடங்களில் பி.பி. சற்று ஏறி நிற்கும். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் இதை மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அசையாத கட்டைகளை வைத்து ஐந்தாறு அங்குலம் உயர்த்தினாலும் காலைச் சுற்றல் குறையும். இரவில் சிறுநீர் கழிக்க எழும் ஆண்களை உட்கார்ந்தே போகச் சொல்லு. கட்டிலுக்குப் பக்கத்தில் யூரின் கேன் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. வெட்கப்படுவார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கை என்பதை எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

கண் இருட்டுகிறது என்று சொன்னால் அந்த இடத்திலேயே உட்கார வை. முடிந்தால் படுக்க வைத்துக் கால்களைத் தலையணை மேல் உயர்த்து. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துவது, நாற்காலி வரை நடத்திக் கூட்டிப்போவது, நினைவு தெளியாதபோது வாயில் தண்ணீர் ஊற்றுவது, இந்த மூன்றையும் செய்யாதே.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாரு

ஒரு மஞ்சப்பையில் அம்மா சாப்பிடுகிற எல்லாவற்றையும் போடு. எல்லாம் என்றால் சொட்டு மருந்து, லேகியம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மாத்திரை வரைக்கும். அந்தப் பையை அப்படியே மருத்துவர் மேசையில் வை. பெரியவர்களின் தலைசுற்றலில் மாத்திரைகளின் பங்கு ரொம்பப் பெரியது. கேட்காமல் விட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பி.பி. மாத்திரையும், சிறுநீரைக் கூட்டுகிற மாத்திரையும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கிற டாம்சுலோசின் போன்றவையும் நிற்கும்போது பி.பி.யை இறக்கும். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எப்போதும் உட்கார்ந்துதான் போட வேண்டும். தூக்க மாத்திரையின் தள்ளாட்டம் மறுநாள் காலை வரை நீளும். சளிக்கு வாங்கும் சாதாரண மாத்திரைகூடப் பெரியவர்களைக் கிறங்கடிக்கும். கண் அழுத்த நோய்க்கு விடுகிற டிமோலோல் சொட்டு கண்ணோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து, சிலருக்கு நாடித் துடிப்பைக் குறைத்துவிடும். கண் சொட்டை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. கால் எரிச்சல், மரத்துப்போதலுக்குக் கொடுக்கிற கேப்சூலை வீட்டில் "வைட்டமின் மாத்திரை" என்பார்கள். அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்துப் பாரு. மெத்தில்கோபாலமினோடு பிரிகாபாலினோ காபாபென்டினோ சேர்ந்திருக்கும். இந்த இரண்டும் தலைசுற்றலும் தள்ளாட்டமும் தரக்கூடியவை. வைட்டமின்தானே என்று இரண்டாகப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்?

ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்குள் இருப்பதும் உண்டு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருவது பெரியவர்களுக்குப் பெரிய உதவி. அதோடு தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் இருந்தால், இரண்டு அட்டையிலும் உள்ள மருந்துப் பெயரை, அதாவது கம்பெனிப் பெயருக்குக் கீழே இருக்கும் பெயரை, ஒப்பிட்டுப் பாரு. நிறம் வேறு, அளவு வேறு, உள்ளே ஒரே சரக்காக இருக்கலாம். சந்தேகம் வந்தாலும் நீயாக எதையும் நிறுத்திவிடாதே. சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. அன்றைக்கே போன் செய்து கேள்.

படுக்கையில் புரண்டால் வீடே சுற்றினால்

"இடது பக்கம் திரும்பினேன், கட்டிலோடு தூக்கிப் போட்ட மாதிரி சுத்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு." இப்படிச் சொன்னால் காதைச் சந்தேகப்படு. பரணைப் பார்த்து அண்ணாந்தபோது, கொடியில் துணி போட்டபோது, கோலம் போடக் குனிந்தபோது வந்தாலும் அப்படித்தான். ஒரு நிமிடத்துக்குள் சுற்றல் நின்றுவிடும். குமட்டலும் பயமும் மட்டும் ஒரு மணி நேரம் இருக்கும்.

உள்காதில் நம் சமநிலையைப் பார்த்துக்கொள்கிற உறுப்பில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாக ஆக அவற்றில் சில கழன்று, பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழல்களுக்குள் புகுந்துவிடும். தண்ணீர்க் குழாய்க்குள் மணல் போன மாதிரி, தலையைத் திருப்பும்போதெல்லாம் துகள் உருண்டு உள்ளே உள்ள திரவத்தைக் கலக்கும். தலை நின்ற பிறகும் மூளைக்கு "இன்னும் சுற்றுகிறாய்" என்ற தகவல் போய்க்கொண்டே இருக்கும். மருத்துவர்கள் இதை பி.பி.பி.வி. என்பார்கள். பயமுறுத்துமே தவிர உயிருக்கு ஆபத்தில்லாதது. கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கண்டுபிடிக்கிற சோதனை 1952-ல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு மருத்துவர்கள் விவரித்தது. உட்கார்ந்திருப்பவரின் தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டென மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுத் தொங்கவிட்டுக் கண்ணைப் பார்ப்பார்கள். துகள் இருந்தால் கண்மணி துடிக்கும். வைத்தியம் அதைவிட எளிது. அமெரிக்காவின் போர்ட்லேண்டைச் சேர்ந்த காது மருத்துவர் ஜான் எப்லி, தலையையும் உடலையும் ஒரு வரிசையில் திருப்பித் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடுகிற முறையைக் கண்டார். அத்தனை பெரிய சுற்றல் இவ்வளவு எளிதில் போகுமா என்று சக மருத்துவர்களே ஆரம்பத்தில் நம்பவில்லை. அவருடைய கட்டுரை 1992-ல் வெளியானது. இன்று உலகம் முழுக்க இதுதான் முதல் சிகிச்சை. சில நிமிட வேலை. பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிவிடும்.

எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. இந்தச் சின்னச் சிகிச்சை கிடைக்காமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள் ஏராளம். துகளை இடத்துக்குக் கொண்டுபோகும் மாத்திரை எதுவும் இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், "எப்லி முறை செய்வீங்களா?" என்று பெயரைச் சொல்லியே கேள். வீடியோ பார்த்து வீட்டில் முயற்சி செய்யாதே. எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரிய வேண்டும். கழுத்து, முதுகுப் பிரச்சினை உள்ளவர்களுக்கு முறையை மாற்ற வேண்டும். ஒருமுறை சரியாகி மறுபடி வருவதும் உண்டு. வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல், அதையும் பார்த்துவிடு.

காதால் வருகிற வேறு சுற்றல்களும் இருக்கின்றன. ஜலதோஷம் பிடித்த கையோடு நாள் கணக்கில் நிற்காமல் சுற்றினால் சமநிலை நரம்பு வீங்கியிருக்கலாம். மணிக்கணக்கில் சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்பதும் மங்கினால் மெனியர் நோயாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சுற்றல் மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் இரண்டும் கடும் சுற்றலையும் வாந்தியையும் அடக்க ஓரிரு நாள் கொடுப்பவை. பெரியவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுங்கி, உடல் விறைத்து, நடை சின்னச் சின்ன அடியாகிவிடும். பார்க்க அச்சு அசலாகப் பார்க்கின்சன் நோய். அந்த நிலையில் அதற்கும் ஒரு மாத்திரை ஆரம்பிக்கிற கொடுமை நடக்கிறது. உன் வீட்டில் யாராவது வருடக்கணக்கில் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் கேள்.

கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் காலர் மாட்டிவிடுவதும் நம் ஊரில் சகஜம். அறுபதைத் தாண்டிய யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அது தெரிந்துவிட்டது என்பதற்காகத் தேடலை நிறுத்தக்கூடாது. படுக்க வைத்து, நிற்க வைத்து பி.பி. பார்த்தார்களா, காதைச் சோதித்தார்களா என்று கேட்ட பிறகுதான் கழுத்துக்குப் போக வேண்டும்.

ரத்தப் பரிசோதனை சொல்வது

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சுற்றல் வந்தால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாரு. 70-க்குக் கீழே என்றால் அவசரம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாரு. ஏறியதும் இட்லியோ பிஸ்கட்டோ கொடு. கருவி இல்லையென்றால் காத்திருக்காதே, சர்க்கரையைக் கொடுத்துவிடு. இளையவர்களுக்கு வருகிற வியர்வையும் நடுக்கமும் பெரியவர்களுக்கு வராமலே போகலாம். காரணமில்லாத கோபம், உளறல், பேச்சில் தடுமாற்றம் இவைதான் தெரியும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு சாப்பிட்டுவிட்டு "இன்னைக்கு விரதம்" என்று இருந்துவிடுவது ரொம்ப ஆபத்து. விரத நாளில் எந்த மாத்திரையை எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள். நினைவிழந்தவர் வாயில் எதையும் போடாதே, 108-ஐ அழை.

சோடியம் குறைவதும் பெரியவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. இது 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டும். பி.பி.க்காக உப்பையே நிறுத்திவிட்டு, சிறுநீர் மாத்திரையும் சாப்பிட்டு, நடுவில் இரண்டு நாள் வாந்தி பேதியும் வந்தால் சரசரவென்று இறங்கிவிடும். சோர்வு, தள்ளாட்டம், மறதி, பகலெல்லாம் தூக்கம் என்று வரும். "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உப்பை எவ்வளவு கூட்டுவது, மாத்திரையை மாற்றுவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மூட்டு வலிக்கு வலி மாத்திரை வழக்கமாகச் சாப்பிடுபவருக்கு வயிற்றில் புண்ணாகி, வெளியே தெரியாமல் ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதா என்று கூச்சப்படாமல் கேள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும், அதையும் சேர்த்துச் சொல்லு. கருப்பாகப் போய்த் தலையும் சுற்றினால் அன்றே மருத்துவமனை. சைவம் சாப்பிடுபவர்கள், நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுபவர்கள் வைட்டமின் பி12 பார்த்துக்கொள்ள வேண்டும். அது குறைந்தால் தரையில் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு மங்கும். சோப்புப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவும்போதும், கரண்ட் போன இருட்டிலும் தள்ளாடினால் இதைச் சந்தேகி.

எந்தக் காரணமும் இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போதோ படுத்திருக்கும்போதோ திடீரெனக் கண் இருண்டால் இதயத்தைப் பார்க்க வேண்டும். முன்னறிவிப்பே இல்லாமல் மயங்கி, கையை ஊன்றக்கூட முடியாமல் முகம் அடிபட விழுந்தால் இன்னும் உஷார். நாடி ஐம்பதுக்குக் கீழே போவது, தாறுமாறாகத் துடிப்பது, மாடி ஏறும்போது மயக்கம் வருவது எல்லாம் இதய மருத்துவருக்கான அறிகுறிகள். ஒரு ஈ.சி.ஜி. சரியாக இருந்தது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். அந்த நிமிடத்தில் இதயம் ஒழுங்காகத் துடித்தது என்பதைத்தான் அது சொல்லும். 24 மணி நேரம் மார்பில் மாட்டி வைக்கிற ஹோல்டர் கருவி தேவைப்படலாம். துடிப்பு குறைவதுதான் காரணம் என்று தெரிந்தால் பேஸ்மேக்கர் வைத்து நன்றாக நடமாடலாம்.

இதற்கெல்லாம் காத்திருக்காதே

திடீரெனத் தலை சுற்றி, கூடவே பேச்சு குழறினால், வாய் ஒரு பக்கம் கோணினால், கையோ காலோ வலுவிழந்தால், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், விழுங்க முடியாமல் போனால், பிடிமானம் இல்லாமல் உட்காரவோ நிற்கவோ முடியாவிட்டால், இதுவரை வராத கடும் தலைவலி வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். மூளையின் பின்பகுதியில் ரத்தம் தடைபட்டால் கை கால் நன்றாக இருக்கும், நடை மட்டும் தாறுமாறாகும். அதனால்தான் இதை வெறும் தலைசுற்றல் என்று விட்டுவிடுகிறார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போ. தெருமுனை கிளினிக்கில் நேரத்தைச் செலவழிக்காதே. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போ, பெரிய பக்கவாதத்துக்கு முன்னால் இப்படி வருவதுண்டு. நெஞ்சு வலி, மூச்சுத் திணறலோடு வந்தாலும் இதே வேகம் வேண்டும்.

விழுந்து தலையில் அடிபட்டவர் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், வீக்கமே இல்லாவிட்டாலும் மருத்துவமனையில் காட்டிவிடு. லேசாக இடித்துக்கொண்டு வாரக்கணக்கில் கழித்துத் தூக்கமும் தள்ளாட்டமும் வந்தால், மூளையைச் சுற்றி ரத்தம் மெல்லத் தேங்கியிருக்கலாம். "போன மாசம் நிலைப்படியில இடிச்சுக்கிட்டார்" என்ற செய்தியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லு.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாத்ரூமில் துண்டு போடுகிற கம்பி ஆளைத் தாங்காது, சுவரில் ஆழமாகப் பொருத்திய கைப்பிடி வேண்டும். உள்ளே தாழ் போட்டாலும் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி இருக்கட்டும். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு. பாயில் படுத்து எழுவது கஷ்டம் என்றால் கட்டிலுக்கு மாற்று. மேலே தூரம், கீழே கிட்டம் தெரிகிற கண்ணாடி போட்டவருக்குப் படி இறங்கும்போது படி மங்கலாகத் தெரியும், அதற்குத் தூரப் பார்வைக் கண்ணாடி தனியாக வாங்கிக் கொடு.

யாரிடம் போவது என்று குழம்பினால் வழக்கமான பொது மருத்துவரிடமே ஆரம்பி. காலண்டர் தாள்களையும் மஞ்சப்பையையும் கையில் கொண்டு போ. சென்னையில் இருந்தால் முதியோருக்கென்றே தனிப் பிரிவு அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் 2024-ல் திறந்துவிட்டார்கள். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டு.

இவ்வளவும் எப்போது பயன்படும்? அவர்கள் வாயைத் திறந்து சொன்னால்தானே! பெரியவர்கள் தலைசுற்றலை மறைப்பார்கள். சொன்னால் வெளியே விட மாட்டார்கள், வண்டிச் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள், பிள்ளைகளுக்குச் செலவு என்று பயம். அதனால் நேராகக் கேட்காதே. "குளிக்கும்போது சுவரைப் பிடிச்சுக்கறீங்களாம்மா?" என்று கேள். மாமனாரிடம் "மொட்டை மாடிக்குப் போறதை ஏன் மாமா விட்டுட்டீங்க?" என்று கேள். மாமியார் கொஞ்ச நாளாகப் பேத்தியைக் கோலம் போடச் சொன்னால், கோவிலில் பிரகாரம் சுற்றாமல் தூணடியில் உட்கார்ந்துவிட்டால், நீயாகவே புரிந்துகொள்.

சுற்றலுக்குப் பயந்து நடமாட்டத்தை நிறுத்திவிட்டால் கால் தசை வற்றி, தள்ளாட்டம் இன்னும் கூடும். காரணத்தைக் கண்டுபிடித்து மருந்தைச் சரிசெய்த பிறகு, டீக்கடைக்குப் போகிற அப்பாவைத் தடுக்காதே. டிபன் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கைத்தடியோடு, வெயில் ஏறுவதற்குள் போய் வரட்டும். சட்டைப் பையில் உன் போன் நம்பரும் மாத்திரைப் பட்டியலும் எழுதிய அட்டை ஒன்று, சர்க்கரை நோய் இருந்தால் ஒரு சின்னச் சர்க்கரைப் பொட்டலம், இரண்டையும் நீயே போட்டு அனுப்பு.